கொழும்பில் இரண்டு நாள்: கோட்டையா, வெள்ளவத்தையா, கொட்டாஞ்சேனையா?

டொரொன்டோவில் இருந்து சின்னம்மா கூப்பிட்டுக் கேட்ட முதல் கேள்வியே இதுதான். “பிள்ளை, நல்லூர்க் கொடியேற்றத்துக்கு வாறம். யாழ்ப்பாணம் போக முன்னம் கொழும்பில ரெண்டு நாள் நிப்பம் எண்டு பாக்கிறம். எங்க ரூம் போடுறது?”

கூட வருகிறவன் அவருடைய கடைசி மகன், எனக்குத் தம்பி முறை. பதினேழு வயது. ஆறு வயதில் இருந்து மிருதங்கம் படிக்கிறான். போன முறை வந்தபோது கொழும்பில் அவன் பார்த்தது விமான நிலையமும் ஒரு ஷொப்பிங் மோலும்தான். சின்னம்மாவுக்கு முழங்கால் நோ, அதிக தூரம் நடக்க ஏலாது. இந்த இரண்டு பேருக்கும் ஒரே இடம் சரிவருமா என்று யோசித்ததில், போனில் சொல்லி முடிக்க முடியாத அளவுக்கு விஷயம் சேர்ந்துவிட்டது. வெளிநாட்டில் இருந்தும் சென்னையில் இருந்தும் வரும் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் இதே கேள்வி இருப்பதால் எழுதியே வைக்கிறேன். வழக்கமாக இதற்கு “வெள்ளவத்தை” என்று ஒரு சொல்லில் பதில் சொல்லிவிடுவோம். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லி வந்தேன்.

நான் பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியில். கல்யாணத்துக்குப் பிறகு இருப்பது வெள்ளவத்தையில். வேலை செய்தது கோட்டையில். மூன்று இடத்தின் நல்லதும் கெட்டதும் காலால் நடந்து தெரிந்துகொண்டவை.

முதலில் ஒரு கேள்வியைக் கடந்துவிடுவோம். “கொழும்பில் என்ன இருக்கிறது, நேரே காலிக்குப் போங்கோ, பழைய துறைமுகம் பார்க்க வேண்டுமென்றால் அதுதான்” என்று சொல்கிறவர்கள் உண்டு. காலிக் கோட்டை அழகுதான். மதில் முழுதாக நிற்கிறது, ஏறி நடக்கலாம். கொழும்பிலும் அப்படி மதில் இருந்தது. 1505இல் போர்த்துக்கேயர் வந்தார்கள், 1656இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், 1796இல் ஆங்கிலேயரிடம் போனது. 1870ஐ ஒட்டிய வருடங்களில் ஆங்கிலேயரே மதிலை இடித்துவிட்டார்கள். அப்புறம் 1875இல் கல் நாட்டி, 1885இல் தென்மேற்கு அலைதாங்கியைக் கட்டி முடித்தார்கள். அதுவரை காலியில் நின்ற நீராவிக் கப்பல்கள் கொழும்புக்குத் திரும்பின. காலியின் மதிலை இடிக்க யாருக்கும் தேவை வரவில்லை. கொழும்பில் மதில் போய்விட்டது, ஆனால் கப்பலோடு வந்த ஆட்களும் அவர்கள் கொண்டுவந்த கோவிலும் பள்ளிவாசலும் பாட்டும் சாப்பாடும் இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கின்றன. இரண்டு நாளில் காலிக்கு ஓடித் திரும்புவதில் அரை நாள் ரோட்டில் போய்விடும். மிருதங்கப் பொடியனுக்கு நான் கொழும்பைத்தான் சொல்வேன்.

இந்த ஊரின் பாட்டில் பெரும்பகுதி கடல் வழியாக வந்தது. பைலா என்ற சொல்லே ஆடுவதைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லில் இருந்து வந்தது. போர்த்துக்கேயரோடு வந்த ஆபிரிக்கர்களின் கஃப்ரிஞ்ஞா தாளத்தில் சிங்களச் சொற்கள் ஏறி, பொலிஸ் வேலையில் இருந்த வொலி பஸ்தியன் போன்றவர்களால் ஊர் முழுக்கப் பரவியது. எங்கள் பக்கத்தில் நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் பாடிய துள்ளிசையில் அந்தத் தாளம் இருக்கிறது. பம்பாயில் இருந்து கப்பலேறி வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்துச் சிங்களத்தில் நூர்த்தி நாடகம் உருவானது. அதற்கென்று 1911இல் திறந்த டவர் ஹோல் மருதானையில் இன்னும் நிற்கிறது. 1925 டிசம்பரில் தொடங்கிய வானொலி 1949இல் ‘ரேடியோ சிலோன்’ ஆனது. தமிழ்நாட்டில் அந்தக் காலத்து ஆட்களைக் கேட்டால் அதன் தமிழ் அறிவிப்பாளர்களான மயில்வாகனனையும் கே.எஸ். ராஜாவையும் அப்துல் ஹமீதையும் பெயர் சொல்லி விசாரிப்பார்கள். இத்தனையையும் மனதில் வைத்துக்கொண்டால், “எந்த ரூம் வசதி” என்ற கேள்வியோடு, “எந்த ரூமில் இருந்தால் இதெல்லாம் காதில் விழும்” என்ற கேள்வியும் சேர்ந்துவிடுகிறது.

கோட்டையில் தங்குவதைப் பார்ப்போம். பெரிய ஹோட்டல்கள் அங்கேயும் காலிமுகத்திடலை ஒட்டியும்தான் இருக்கின்றன. செலவும் அங்கேதான் அதிகம். பழைய ஒல்லாந்தர் ஆஸ்பத்திரிக் கட்டடம் இப்போது சாப்பாட்டுக் கடைகளும் துணிக்கடைகளுமாக இருக்கிறது. 1906இல் எழுந்த சிவப்புநிற காகில்ஸ் கட்டடத்தின் முன்நடை வளைவுகளுக்குக் கீழே நிழலில் நடக்கலாம். எனக்கு மிகவும் பிடித்தது மணிக்கூட்டுக் கோபுரம். 1857இல் கட்டியது, ஆளுநரின் மனைவி லேடி வோர்ட் வடிவமைத்தது. முதலில் மணிக்கூடு, அப்புறம் அதன் உச்சியில் கப்பலுக்கு வழிகாட்டும் வெளிச்சம். சுற்றிவரக் கட்டடங்கள் உயர்ந்து கடலை மறைத்துவிட்டதால் 1952இல் வெளிச்சத்தை நிறுத்தினார்கள். நடுரோட்டில் நிற்கும் கலங்கரை விளக்கை வேறு எங்கே பார்ப்பது?

ஆனால் பின்னேரம் ஆறு மணிக்கு வங்கிகளும் அலுவலகங்களும் மூடியதும் கோட்டைத் தெருக்கள் வெறிச்சோடிவிடும். சில வருடங்களுக்கு முன் என் அண்ணாவின் குடும்பத்துக்கு அங்கே ஒரு ஹோட்டலில் ரூம் போட்டுக் கொடுத்தேன். துறைமுகம் தெரியும் என்று படத்தில் காட்டியிருந்தார்கள். போய்ப் பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்துச் சுவர். இரவு பிள்ளைகளுக்கு ஒரு தோசை வாங்க ஓட்டோ பிடித்துப் புறக்கோட்டைப் பக்கம் போக வேண்டியிருந்தது. அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் இன்றைக்கும் மனது கேட்பதில்லை. கோட்டையை ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், வாகனம் இல்லாத நேரத்தில், ஒன்றரை மணித்தியாலம் நடந்து பார்த்தால் போதும். தங்குவதற்கு அந்த இடத்தை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

வெள்ளவத்தைக்கு வருவோம். இங்கே இருக்கிற வசதியைக் குறைத்துச் சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்தில் இருந்து வரும் இரவு பஸ்கள் காலி வீதியில் வீட்டு வாசலுக்குப் பக்கத்தில் இறக்கிவிடும். சின்னம்மாவைப் போன்றவர்களுக்கு லிஃப்ட் உள்ள அடுக்குமாடி வீடுகள் நாள் வாடகைக்குக் கிடைக்கும். ஒழுங்கைக்கு ஒழுங்கை சைவக் கடை. காலையில் இடியப்பமும் சொதியும் சம்பலும், பின்னேரம் வடையும் பிளேன்டீயும். மருந்துக்கடையில் தமிழில் கதைக்கலாம், தையல்காரரிடம் தமிழில் கதைக்கலாம். கடற்கரைப் பக்கம் போனால் தண்டவாளம் கடலை ஒட்டி ஓடுகிறது. மரைன் டிரைவில் நின்று பொழுது சாய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் கோச்சி தடதடத்துப் போகும். அது சின்னம்மாவுக்குப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும், அவர் சின்ன வயதில் அந்தக் கோச்சியில் பள்ளிக்கூடம் போனவர்.

பாட்டுக்கும் குறைவில்லை. 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் இங்கேதான். நூலகத்தில் பழைய ஈழத்துப் பதிப்புகளைப் புரட்டிக்கொண்டு அரை நாள் இருக்கலாம், மண்டபத்தில் புத்தக வெளியீடோ சொற்பொழிவோ அடிக்கடி நடக்கும். இராமகிருஷ்ண மிஷன் மண்டபம், பம்பலப்பிட்டியில் சரஸ்வதி மண்டபம், கதிரேசன் மண்டபம் என்று சனி, ஞாயிறுகளில் அரங்கேற்றமும் கச்சேரியும் போய்க்கொண்டே இருக்கும். அரங்கேற்றத்துக்கு அழைப்பிதழ் வேண்டுமே என்று யோசிக்க வேண்டாம். இங்கே யாராவது ஒரு சொந்தக்காரரிடம் கேட்டால் கட்டாயம் ஒரு அழைப்பிதழ் வீட்டில் கிடக்கும்.

அப்படியென்றால் வெள்ளவத்தையே போதுமே என்று கேட்கலாம். சின்னம்மாவும் கேட்டார். பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. டொரொன்டோவில் பொடியன் போகும் வகுப்பும், அங்கே நடக்கும் அரங்கேற்றமும், இங்கே சரஸ்வதி மண்டபத்தில் நடப்பதும் பெரிதாக வேறுபடாது. அதே பட்டுச் சேலை, அதே மைக், அதே பிரதம விருந்தினர் உரை. எங்கள் சமூகம் எங்கே போனாலும் அன்போடு காவிக்கொண்டு போகிற விஷயம் அது, எனக்கு அதில் மதிப்பு உண்டு. 1983 ஜூலைக் கலவரத்தில் எரிந்த இந்தக் காலி வீதியில் அதையெல்லாம் திரும்பவும் கட்டி எழுப்பியிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் மதிப்பு இன்னும் கூடுகிறது. ஆனாலும் அவன் ஏற்கெனவே கேட்டதைக் கேட்க ஏன் பதினைந்து மணித்தியாலத்துக்கு மேல் பறந்து வர வேண்டும்? மண்டபத்துக்கு வெளியே, கோவில் வாசலிலும் தேர் போகும் ரோட்டிலும் தேவாலயத்தின் மணியோடு கலந்தும் மேளம் கேட்கிற இடத்தை அவனுக்குக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை.

அதற்குக் கொட்டாஞ்சேனைப் பக்கம் போக வேண்டும்.

கொட்டாஞ்சேனை என்று நான் சொல்வது ஒரு வார்டை மட்டுமல்ல. புறக்கோட்டையின் வடக்கு ஓரத்தில் செட்டியார் தெருவில் தொடங்கி, கொச்சிக்கடை, ஜிந்துப்பிட்டி, ஜம்பட்டா வீதி வழியாக முகத்துவாரம் வரைக்கும் துறைமுக மதிலை ஒட்டிக் கிடக்கும் நிலம். செட்டியார் தெருவில் இரண்டு பக்கமும் நகைக்கடை. அதற்கு நடுவே நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கட்டிய கதிரேசன் கோவில்கள். கடைச் சாமான் இறக்கும் நாட்டாமிமார் முதுகில் மூட்டையோடு வழி கேட்டுக் கத்திக்கொண்டு போவார்கள். அந்தச் சத்தத்துக்குள்ளே கோவில் மணி அடிக்கும். இங்கே இருந்துதான் ஆடி வேல் புறப்படுகிறது. தென்னிந்தியாவில் இருந்து கப்பலில் வந்து கதிர்காமத்துக்கு நடந்து போன அடியார்களை, கொலரா பரவிய காலத்தில் ஆங்கிலேய அரசு தடுத்தது. போக முடியாமல் போனவர்களுக்காகக் கொழும்பிலேயே வேல் விழா தொடங்கியது என்பார்கள். தேர் செட்டியார் தெருவில் இருந்து காலி வீதி வழியாகப் பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோவிலுக்குப் போகும். கடலோர ஹோட்டல்களுக்கு முன்னால் நாதஸ்வரமும் தவிலும் நடந்து போவதை வேறு எந்த நாளிலும் பார்க்க முடியாது.

அங்கே இருந்து கொஞ்சம் வடக்கே நடந்தால் கொச்சிக்கடை அந்தோனியார் கோவில். ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை இருந்தது. கொச்சியில் இருந்து வந்த அந்தோனியோ என்ற குருவானவர் வியாபாரியைப் போல் வேடமிட்டு இங்கே இருந்தார், கடல் கரையை அரித்து வந்தபோது மீன்பிடிக்காரர் வந்து கேட்க, அவர் சிலுவையை மணலில் நட்டுச் செபித்தார், கடல் பின்வாங்கியது என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. கொச்சிக்காரரின் கடை இருந்த இடம் கொச்சிக்கடை ஆனது என்றும் சொல்வார்கள். செவ்வாய்க்கிழமைகளில் வர வேண்டும். கத்தோலிக்கரோடு சைவப் பெண்களும் பௌத்தர்களும் முஸ்லிம்களும் வரிசையில் நிற்பார்கள். தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் செபமும் பாட்டும் மாறி மாறி வரும். எங்கள் அம்மா நெற்றியில் திருநீற்றோடு அங்கே போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வருவார், ஒருநாளும் யாரும் ஒரு சொல் கேட்டதில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று, வழிபாட்டு நேரத்தில் இந்தக் கோவிலுக்குள் குண்டு வெடித்தது. எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரு வீட்டில் அழுகை. அந்த ஜூனிலேயே திரும்பவும் திறந்தார்கள். இப்போது வாசலில் பையைச் சோதிப்பார்கள், பொறுமையாக நில்லுங்கள். யூன் 13 அந்தோனியாரின் திருநாள். பேண்ட் வாத்தியம், சுரூபம், பந்தல், இரவிரவாக மக்கள். பைலாத் தாளத்தை ஊர் ஆட்களுக்கு நடுவில் கேட்க வேண்டுமென்றால் அந்த நாட்களில் முகத்துவாரம் வரை நடந்தால் போதும்.

அடுத்தது பொன்னம்பலவாணேஸ்வரர் கோவில். இதைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே எழுதுவேன். 1850களில் பொன்னம்பல முதலியார் கட்டியது. பிறகு அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முழுக்கக் கருங்கல்லில் திரும்பக் கட்டினார். கொழும்பில் வேறு கோவில்களில் வர்ணம் பூசிய சுதையைப் பார்த்துப் பழகியவர்களுக்கு உள்ளே போனதும் ஒரு குளிர்ச்சி தெரியும். வெளியே லொறிகளின் சூடு, உள்ளே கல்லின் இருட்டு. தூண்களுக்கு நடுவே பின்னேரப் பூசைக்குத் தவில் தொடங்கும்போது அந்தச் சத்தம் கல்லில் பட்டுத் திரும்பி வரும். மண்டபத்து மைக்கில் கேட்கும் தவிலுக்கும் இதற்கும் உள்ள தூரத்தைச் சொல்லி விளங்கவைக்க முடியாது, வந்து நிற்க வேண்டும்.

போன ஆடியில் நான் தவில்காரருக்கு மிகப் பக்கத்தில், கைக்கு எட்டும் தூரத்தில் நின்றேன். வலக்கை விரல்களில் அவர் கூடு மாட்டும் விதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துணியைப் பசையில் தோய்த்து விரலுக்கு அளவாகச் சுற்றிக் காயவைத்த கூடு, கல்லைப் போல் இறுகியிருக்கும். ஒவ்வொன்றையும் வாயருகே கொண்டுபோய் ஊதிவிட்டு, விரலில் செருகி, தோலில் மெதுவாக ஒரு தட்டு. சரியில்லை என்றால் கழற்றி மற்ற விரலுக்கு மாற்றுவார். இடக்கையில் கழி. கூடெல்லாம் சரியானதும் ஒரு முறை வாசலைப் பார்த்தார், தீபாராதனைக்குத் திரை விலகியது, அடுத்த கணம் கோவில் முழுக்க அதிர்ந்தது. நடுவில் துறைமுகத்தில் ஒரு கப்பல் நீளமாக ஊதியது. தவில்காரர் நிறுத்தவில்லை. அந்த ஊதலுக்கு மேலாலேயே வாசித்துக்கொண்டு போனார். வெறும் கையால் வாசிக்கும் என் தம்பி அந்த வலக்கையைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு அன்றைக்கே தோன்றியது.

மற்றவை நடந்துகொண்டே பார்க்கக்கூடியவை. வுல்வெண்டால் மேட்டில் 1749இல் தொடங்கி 1757இல் முடித்த ஒல்லாந்தர் தேவாலயம், தரையில் பெயர் வெட்டிய கல்லறைக் கற்கள். புனித லூசியா பேராலயத்தின் பெரிய குவிமாடம். தீபதுத்தாராமய விகாரை, பௌத்தக் கொடி 1885இல் முதன்முதலாக ஏற்றப்பட்ட இடம். 1897 ஜனவரியில் மேற்கில் இருந்து திரும்பிய விவேகானந்தர் முதலில் கரையிறங்கியது கொழும்பில்தான். அந்த நினைவில் எழுந்த விவேகானந்த சபை எங்கள் பக்கத்து மேட்டில் இருக்கிறது. ஒரு பின்னேரத்துக்குள், சின்னம்மாவுக்கு ஓட்டோவும் எங்களுக்குக் காலுமாக, இதெல்லாம் முடியும்.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். தங்குமிடம் குறைவு. இருக்கிறவற்றில் பலதுக்கு லிஃப்ட் கிடையாது, படி செங்குத்து. ரூமை நேரில் ஒரு ஆளை அனுப்பிப் பார்க்காமல் காசு கட்டவேண்டாம். துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லொறிகளால் பகலில் ரோட்டைக் கடப்பதே ஒரு வேலை. பெரிய மழை பெய்தால் சில ஒழுங்கைகளில் கணுக்கால் வரை தண்ணீர் நிற்கும். கடற்காற்று வாங்கி உலாவ ஒரு கரை இல்லை, கடலை மதில் மறைத்திருக்கிறது. இதைவிட, கடைத்தெரு இரவில் சீக்கிரம் மூடிவிடும். ஒன்று மட்டும் கொட்டாஞ்சேனைக்குச் சாதகம்: கட்டுநாயக்க விமான நிலையத்தில் இருந்து அதிவேகப் பாதையால் வந்தால் மூன்று இடத்திலும் முதலில் வருவது இதுதான். வெள்ளவத்தைக்குப் போக நகரம் முழுவதையும் கடக்க வேண்டும். பின்னேர நெரிசலில் அது ஒரு மணித்தியாலத்தைக்கூட விழுங்கிவிடும்.

நாலாவதாகக் கறுவாத்தோட்டத்தைச் சிலர் சொல்வார்கள். தங்க வேண்டாம், அரை நாள் ஒதுக்குங்கள். 1953இல் திறந்த லயனல் வென்ட் அரங்கும் நெலும் பொக்குண மண்டபமும் அங்கேதான். இலங்கை வானொலிக் கட்டடமும் சுதந்திர சதுக்கத்துப் பக்கம் இருக்கிறது. நினைத்தவுடன் உள்ளே போக முடியாது என்றாலும், வெளியே நின்று “இங்கே இருந்துதான்” என்று சின்னம்மா மகனுக்குச் சொல்லலாம். தவறவிடக் கூடாதது தேசிய அரும்பொருட்காட்சியகம். அங்கே சீனத் தளபதி செங் ஹோவின் மும்மொழிக் கல்வெட்டு இருக்கிறது. 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டது, 1911இல் காலியில் கிடைத்தது. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம். தமிழ்ப் பகுதி தென்னவரை நாயனார் என்ற தெய்வத்துக்குக் கொடுத்த காணிக்கைகளைச் சொல்கிறது. அறுநூறு வருடத்துக்கு முன்னால் இந்தக் கடலில் வியாபாரம் செய்ய வந்தவனுக்குத் தமிழும் தேவைப்பட்டிருக்கிறது. எழுத்து தேய்ந்துவிட்டது, வாசிக்கக் கஷ்டம். ஆனாலும் கல்லுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

எப்போது வருவது என்பதும் இடத்தைப் போலவே முக்கியம். ஒக்டோபர், நவம்பரில் கொழும்பு மழை கடுமை, அதைத் தவிர்க்கலாம். மே மாதத்துப் பௌத்தப் பண்டிகையான வெசாக் காலத்தில் வெளிச்சக்கூடும் பந்தலும் பார்க்க வடிவு, ஆனால் ஊரே ரோட்டில் நிற்கும், ரூம் கிடைப்பது கஷ்டம். போயா தினங்களில், அதாவது பௌர்ணமி விடுமுறைகளில், பல கடைகள் பூட்டு என்பதை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். மார்கழியில் வருகிறவர்களுக்குத் திருவெம்பாவை நாட்கள் பத்தும் கொட்டாஞ்சேனைதான். விடியற்காலை சங்கும் சேமக்கலமும், கூடவே நத்தார்ப் பாட்டு. ஆனால் மேளம் என்று வந்தால் ஆடிக்கு நிகர் இல்லை. நல்லூர்க் கொடியேற்றத்துக்கு வருகிறவர்கள், தேதி பொருந்தினால், வேல் விழாவையும் சேர்த்துப் பார்க்கலாம். இரண்டும் ஆடி, ஆவணியை ஒட்டி வரும். தேதி ஒவ்வொரு வருடமும் மாறும், பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

சரி, எதைத் தெரிவு செய்வது?

கைக்குழந்தையோடோ நடக்க முடியாத பெரியவர்களோடோ வருகிறவர்கள், கொழும்பில் சொந்தக்காரர் இல்லாதவர்கள் வெள்ளவத்தையில் தங்குங்கள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒரு பகலையும் ஒரு பின்னேரத்தையும் வடக்குப் பக்கத்துக்கு எடுத்துவையுங்கள். காலி வீதியில் 100, 101 இலக்க பஸ் ஒன்றில் ஏறினால் புறக்கோட்டையில் இறங்கி, அங்கே இருந்து செட்டியார் தெருவுக்கு நடக்கலாம். கோச்சியில் கோட்டை வரை வந்து ஓட்டோ எடுப்பது இன்னும் சுகம், வழியில் பெரும்பகுதி கடல் தெரியும். பாட்டுக்காகவும் மேளத்துக்காகவும் வருகிற இளம் பிள்ளைகள், தனியாகவோ இரண்டு பேராகவோ வருகிறவர்கள், ஒரு இரவையாவது கொட்டாஞ்சேனையில் கழியுங்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு ஜன்னலைத் திறந்தால் கோவில் மணியும், பள்ளிவாசல் பாங்கும், லூசியா பேராலயத்தின் மணியும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். எட்டு மணிக்குப் பஸ்ஸில் வந்து இறங்குகிறவருக்கு அது கிடைக்காது.

மிருதங்கம் கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கொழும்பின் ஈரக் காற்றில் தோல் இளகிச் சுருதி இறங்கும். வந்தவுடன் வாரை இறுக்கிச் சுருதி ஏற்ற வேண்டாம், ஒரு நாள் உறையிலேயே வைத்துவிட்டுப் பிறகு பாருங்கள்.

சின்னம்மாவுக்கும் பொடியனுக்கும் நான் போட்ட கணக்கு இது. திங்கள் இரவு வந்து இறங்கினால் நேரே ஜம்பட்டா வீதி, எங்கள் அம்மா வீடு. கீழ்மாடி, படி ஏற வேண்டியதில்லை. செவ்வாய் காலை சின்னம்மாவும் அம்மாவும் அந்தோனியார் கோவிலுக்கு ஓட்டோவில். பொடியன் என்னோடு செட்டியார் தெரு, புறக்கோட்டை, வுல்வெண்டால். வெயில் ஏறியதும் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்து எழும்புவது. பின்னேரப் பூசைக்கு எல்லோரும் பொன்னம்பலவாணேஸ்வரர் கோவில், தவில்காரருக்குப் பக்கத்தில் அவனை நிறுத்துவது என் பொறுப்பு. புதன் காலை அரும்பொருட்காட்சியகம், மத்தியானத்துக்கு மேல் வெள்ளவத்தை. சின்னம்மாவுக்கு மரைன் டிரைவில் கோச்சியும் கடலும். அங்கே இருந்தே இரவு யாழ்ப்பாண பஸ்.

நேற்று இதைப் போனில் வாசித்துக் காட்டினேன். கடைசி வரைக்கும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நாங்கள் போட்டது வியாழன் வந்து இறங்கிற டிக்கெட் எல்லோ பிள்ளை.”

“மாத்தேலுமோ சின்னம்மா?”

“பொறு, அவனிட்டக் கேக்கிறன்.” போனைக் கையால் பொத்திக்கொண்டு பேசும் சத்தம் கேட்டது. திரும்பவும் வந்தார். “அந்தத் தவில்காரர் செவ்வாய் கட்டாயம் நிப்பாரோ எண்டு கேக்கிறான்.”

நிற்பார் என்றேன். இன்றைக்குக் காலையில் டிக்கெட் மாற்றிய செய்தி வந்தது. அம்மா இடியப்பத்துக்கு மா வறுக்கத் தொடங்கிவிட்டார், இன்னும் மூன்று கிழமை இருக்கிறது.